அரைப்பேர்

மக்களாட்சிக்கென்று ஒரு வாசனை இருக்குமானால் அது பாற்கட்டி வாசனைதான். 1837 பெப்ரவரியில் அமெரிக்க ஜனாதிபதி அன்ட்ரூ ஜாக்சன், பதவி முடிந்து ஊருக்குப் போகச் சில நாட்களே இருக்கையில், வெள்ளை மாளிகைக் கதவை அகலத் திறந்துவிட்டார். உள்ளே ஒரே ஒரு பாற்கட்டி. எடை 1,400 இறாத்தல். நியூயோர்க் மாநிலத்து விவசாயி ஒருவர் அன்பாக அனுப்பியது. வண்டிக்காரன், கடைக்காரன், செருப்புத் தைப்பவன், எம்பி, எம்பியின் எடுபிடி என்று ஊரே திரண்டு வந்து வெட்டித் தின்றது. இரண்டு மணித்தியாலத்தில் தீர்ந்துபோனது. கம்பளத்தில் மிதிபட்டுத் திரைச்சீலையில் ஏறிய நாற்றத்தைப் போக்க அடுத்து வந்த ஜனாதிபதி படாத பாடு பட்டார்.

அதே ஜாக்சன் 1829இல் பதவியேற்ற நாளிலும் இதே கூத்துதான். சேற்றுச் சப்பாத்தோடு பட்டுக் கதிரையில் ஏறி நின்றார்கள். பீங்கான் கோப்பைகள் நொறுங்கின. கூட்டத்தை வெளியே இழுக்க வழி தெரியாமல், மதுத் தொட்டியைப் புல்வெளிக்குத் தூக்கிப் போய் வைத்தார்கள். கூட்டமும் தொட்டியின் பின்னாலேயே போனது. தேர்தல் காலத்தில் எங்கள் தோட்டத்துக் கோயிலடியில் கால்போத்தல் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் ஆட்களும் போவார்களே, அந்தக் கலைக்கு அமெரிக்காவிலேயே மூத்த பாட்டன் இருந்திருக்கிறான்.

சும்மா சொல்லக்கூடாது, பெரிய காரியம்தான் அது. காணி வைத்திருப்பவன், வரி கட்டுபவன், கோட்டுப் போட்டவன் மட்டும் வாக்களித்துக்கொண்டிருந்த நாட்டில், மாநிலம் மாநிலமாகச் சொத்து நிபந்தனையைத் தூக்கிப் போட்டார்கள். 1824இல் தகுதி பெற்றவர்களில் நாலில் ஒருவன்தான் வாக்களிக்கப் போனான். 1840இல் பத்துக்கு எட்டுப் பேர் போனார்கள். உலகத்துப் பாடப்புத்தகமெல்லாம் இதை 'சாதாரண மனிதனின் யுகம்' என்று கொண்டாடுகின்றன. கொண்டாடட்டும். எஹலியகொடப் பக்கத்தில் இறப்பர் மரத்துக்குக் கீழே உட்கார்ந்திருக்கிற என்னைப் போன்றவனுக்கு அதில் ஒரே ஒரு சந்தேகம்தான்: அந்தச் சாதாரண மனிதன் யார் என்று முடிவு பண்ணியது யார்?

நியூ ஜெர்சியில் சொத்துள்ள பெண்களும் கறுப்பர்களும் கொஞ்ச காலம் வாக்களித்துக்கொண்டிருந்தார்கள். 1807இல் நிறுத்தினார்கள். நியூயோர்க்கில் 1821இல் வெள்ளையனுக்குச் சொத்து நிபந்தனையைத் தளர்த்திய அதே அரசியலமைப்பு, கறுப்பனுக்கு மட்டும் 250 டொலர் பெறுமதியான சொத்து வேண்டும் என்றது. பென்சில்வேனியா 1838இல் இன்னும் சுருக்கமாக வேலையை முடித்தது: வாக்காளன் யார் என்று சொல்லும் பிரிவில் 'வெள்ளை' என்று ஒரே சொல்லைச் சேர்த்தது. ஒரு கையால் கதவைத் திறந்தார்கள், மறு கையால் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினார்கள். இரண்டும் ஒரே நாள், ஒரே சட்டம், ஒரே கைதட்டல்.

செரோக்கி மக்களின் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1830இல் வெளியேற்றச் சட்டம். 1832இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஜோர்ஜியா மாநிலத்துக்கு அந்த மண்ணில் அதிகாரமில்லை என்று தீர்ப்பளித்தது. மக்கள் தலைவர் ஜாக்சன் அந்தத் தீர்ப்பைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. 1838இல் சுமார் 16,000 பேரைப் பட்டாளம் நடத்திக் கொண்டுபோனது. அவர்களில் ஏறக்குறைய 4,000 பேர் செத்துப் போனார்கள் என்று கணக்கு. அவர்கள் விட்டுப்போன நிலத்தில் சாதாரண மனிதர்கள் பருத்தி போட்டார்கள். அந்தச் சாதாரண மனிதர்களுக்கு வாக்கு இருந்தது. அவர்கள் ஜாக்சனுக்குத்தான் போட்டிருந்தார்கள்.

அமெரிக்கக்காரனிடம் ஒரு நேர்மை இருந்தது என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். 'வெள்ளை' என்று எழுதினான். படித்தவனுக்குப் புரிந்தது. நம் நாட்டுக் கனவான்கள் அந்த அளவுக்குக் கூச்சம் கெட்டவர்கள் இல்லை.

1927இல் டொனமூர் ஆணைக்குழு இங்கே வந்து இறங்கியபோது, இந்த நாட்டில் நூறு பேருக்கு நாலு பேரிடம்தான் வாக்கு இருந்தது. விடுதலை கேட்ட இலங்கைத் தேசிய காங்கிரஸ் அந்த வெள்ளைக்காரர்களிடம் என்ன கேட்டது? மாதம் 50 ரூபாய் வருமானம் உள்ள ஆண்களுக்கு வாக்குக் கொடுங்கள் என்றது. சேர் பொன்னம்பலம் இராமநாதன், எல்லோருக்கும் வாக்கா என்று பதறிப்போனார். குணசிங்கவின் தொழிற்சங்கம்தான் எல்லோருக்கும் வேண்டும் என்று நின்றது. கேட்டவர்கள் கேட்டதைவிட அதிகமாக ஆணைக்குழு கொடுத்துவிட்டது: 21 வயதான ஆணுக்கும் 30 வயதான பெண்ணுக்கும் வாக்கு. பெண்ணின் வயதும் பிறகு 21 ஆனது. ஆசியாவிலேயே முதல் சர்வசன வாக்குரிமை என்று இன்றைக்கு மேடை மேடையாக மார்தட்டுகிறோமே, அதை நம்முடைய பெரிய மனிதர்கள் வாங்கிக்கொண்டது வாயில் வேப்பெண்ணெய் ஊற்றிய குழந்தை மாதிரித்தான்.

அந்தக் கசப்புக்கும் ஒரு காரணம் இருந்தது. எல்லோரும் என்றால் தோட்டத்து ஆட்களும் வந்துவிடுவார்களே! மலைநாட்டுத் தொகுதிகள் தோட்டத்து வாக்கில் மூழ்கிப்போகும் என்று சட்டசபையில் ஒப்பாரி. உடனே ஆளுநர் ஸ்டான்லி ஓடிவந்து சல்லடையை நெருக்கினார். தோட்டத்து ஆள் மட்டும் நிரந்தர வாசி என்று காட்டவேண்டும், இல்லாவிட்டால் படிப்போடு வருமானமோ சொத்தோ காட்டவேண்டும். நூற்றாண்டுக்கு முந்திய நியூயோர்க்கின் 250 டொலர், கப்பலேறிக் கொழும்புத் துறைமுகத்தில் இறங்கி, சுங்கத்தில் சலுகையும் வாங்கிக்கொண்டது. அப்படிச் சலித்தும்கூட 1931இல் அட்டனில் பெரி சுந்தரம் வென்று அமைச்சரானார். 1936இல் நடேசய்யர் வந்தார். 1947இல் தொண்டமான், சி.வி. வேலுப்பிள்ளை, இராஜலிங்கம் என்று ஒரு வரிசையே பாராளுமன்றத்துக்குள் நுழைந்தது. நுழையாத இடங்களில் இடதுசாரிகளுக்குத் தோட்டம் வாக்களித்தது. எங்கள் களனிவெளிப் பக்கத்தில் அவிசாவளையில் பிலிப் குணவர்தன, ருவன்வெல்லவில் என்.எம். பெரேரா. இறப்பர்த் தோட்டத்து லயத்தில் சிவப்புக் கொடி பறந்த காலம் அது.

இது அடுக்குமா? நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்து ஆண்டு திரும்புவதற்குள், 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தைப் படித்துப் பாருங்கள். எவ்வளவு நாகரிகமான சட்டம்! அதில் இந்தியர் என்ற சொல் இல்லை. தமிழர் என்ற சொல் இல்லை. தோட்டம் இல்லை, கூலி இல்லை. இங்கே பிறந்தவனுடைய தகப்பன் இங்கே பிறந்திருக்கவேண்டும். அல்லது தகப்பனைப் பெற்ற பாட்டனும் அவரைப் பெற்ற பூட்டனும் இங்கே பிறந்திருக்கவேண்டும். அவ்வளவுதான். யார் மேலும் விரல் நீட்டவில்லை. விரலுக்கு அவசியமும் இல்லை. மன்னாரில் இறக்கி, காட்டுப் பாதையில் நடத்திக் கொண்டுவந்து, லயத்தில் அடைத்து வைத்தவனுடைய பாட்டனுக்கு எந்தப் பதிவாளர் எந்தப் புத்தகத்தில் பிறப்புப் பதிந்தார்? இந்தச் சட்டத்துக்குக் கை தூக்கிய கனவான்களில் எத்தனை பேர் தங்கள் பாட்டனாரின் பிறப்புப் பத்திரத்தைச் சபையில் காட்டினார்கள்? ஒருவரிடமும் கேட்கவில்லை. கேட்கிற வழக்கமே இல்லை. அவர்கள் முகத்திலேயே பாட்டனார் தெரிவார்.

தோட்டத்தில் ஒரு கணக்கு உண்டு. அன்றைக்குக் கேட்ட நிறை வராவிட்டால், பொழுது சாயும்வரை மழையில் நின்றாலும், கணக்கப்பிள்ளை அரைப்பேர்தான் போடுவார். முழு நாள் உழைப்பு, அரை நாள் சம்பளம். 1948இல் இந்த நாட்டின் பெரிய கணக்கப்பிள்ளைமார், நூறு வருடத்துக்கு மேல் நிறுத்து வாங்கிய கோப்பியையும் தேயிலையையும் இறப்பரையும் தராசிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, அந்த அரைப்பேரையும் அடித்துவிட்டார்கள். ஏழு இலட்சத்துக்கும் அதிகமான ஆட்களின் பேர்.

1949இல் இரண்டு சட்டம் வந்தது. ஒன்று, பிரஜை அல்லாதவனுக்கு வாக்கில்லை என்றது. மற்றது பெருந்தன்மையோடு, விண்ணப்பம் போட்டால் பிரஜை ஆகலாம் என்றது. கலியாணமானவன் 1946க்கு முன்னால் ஏழு வருடம் தொடர்ந்து இங்கே இருந்திருக்கவேண்டும். ஆகாதவன் பத்து வருடம். பெண்டாட்டி பிள்ளைகளும் இங்கேயே இருந்திருக்கவேண்டும். ஊரில் தாய் செத்தாளென்று போனவன் திரும்ப நாளாகிவிட்டால் கணக்கு அறுந்தது. 825,000 பேர் அளவில் விண்ணப்பித்தார்கள். ஏற்கப்பட்டவர்கள் 134,000 பேர் அளவில். இந்தச் சட்டத்துக்கு ஜி.ஜி. பொன்னம்பலம் அமைச்சர் கதிரையில் இருந்துகொண்டு கை தூக்கினார் என்பதை எங்கள் ஆட்கள் மறப்பதில்லை. யாழ்ப்பாணத்தார் சிலர் இதைச் சொன்னால் இன்றைக்கும் முகம் சுளிப்பார்கள். சுளித்துக்கொள்ளட்டும். அவருடைய கட்சியிலேயே இருந்த செல்வநாயகம் அதற்காகவே கட்சியை உடைத்துக்கொண்டு போனார் என்பதையும் சேர்த்தே நாங்கள் ஞாபகம் வைத்திருக்கிறோம்.

இனி ருவன்வெல்லவுக்கு வாருங்கள். எங்கள் எஹலியகொடவிலிருந்து அவிசாவளையைத் தாண்டினால் கிட்டத்தான். ஜனநாயகத்துக்கு அருங்காட்சியகம் கட்டுவதானால் அங்கேதான் கட்டவேண்டும். 1931இல் தகப்பனார் இறந்ததால் வந்த இடைத்தேர்தலில் அடலின் மொலமுறே வென்று, இந்த நாட்டின் சட்டசபைக்குள் நுழைந்த முதல் பெண் ஆனது அந்தத் தொகுதியில்தான். 1936இல் சமசமாஜத் தோழர் என்.எம். வென்றதும் அங்கேதான். அதே தொகுதியின் வாக்காளர் பட்டியலில் தன் பெயரைச் சேருங்கள் என்று கோடக்கன்பிள்ளை என்றொருவர் மனுப் போட்டார். பதிவு அதிகாரி மறுத்தார். மேலே இருந்த திருத்த அதிகாரி சோல்பரி அரசியலமைப்பை எடுத்துப் புரட்டினார். அதில் 29ஆம் பிரிவு, இரண்டாம் உட்பிரிவு: ஒரு சமூகத்தை மட்டும் பாதிக்கிற சட்டம் பாராளுமன்றம் செய்யக்கூடாது. அப்படியானால் இந்தச் சட்டங்கள் செல்லாது, பெயரைச் சேர் என்று சொல்லிவிட்டார்.

ஒரு கச்சேரி மேசையில் அந்த ஆள் அதை எழுதினார் பாருங்கள், அந்தத் துணிச்சலுக்குச் சிலை வைக்கவேண்டும். வைத்தார்களா? 1951இல் உயர் நீதிமன்றம் அவருடைய தீர்ப்பைத் தூக்கி எறிந்தது. கோடக்கன்பிள்ளை விடவில்லை, லண்டன் வரை போனார். 1953இல் பிரிவி கவுன்சில் பிரபுக்கள், தன் பிரஜை யார் என்று தீர்மானிப்பது எந்த நாட்டுச் சட்டசபைக்கும் உரிய வேலைதானே, இதில் எந்தச் சமூகத்தைப் பாதிக்கும் நோக்கத்தையும் காணோமே என்றார்கள். எப்படிக் காணும்? சட்டத்தில் பெயரே எழுதவில்லையே! லண்டன் மூடுபனியில் லயம் தெரியாது. அமெரிக்காவில் நீதிமன்றம் நீதி சொன்னது, ஜனாதிபதி கேட்கவில்லை. நமக்கு அந்தத் தொந்தரவே இல்லாமல், நீதிமன்றமும் அரசாங்கமும் ஒரே குரலில் பாடின.

ஆனால் இவையெல்லாவற்றையும்விட எனக்கு வயிறு எரிகிற ஒரு கணக்கு இருக்கிறது. இதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரமாட்டார்கள்.

அமெரிக்கத் தந்தைமார் 1787இல் அரசியலமைப்பு எழுதியபோது, அடிமைகளை வாக்காளராக எண்ண மறுத்தார்கள். ஆசனம் பங்கிடும்போது மட்டும் ஒரு அடிமையை ஐந்தில் மூன்று ஆளாக எண்ணினார்கள். சவுக்கைப் பிடித்திருந்தவனுக்கு அந்த எண்ணிக்கையால் கூடுதல் ஆசனம் கிடைத்தது. அசிங்கம் என்று உலகம் காறித் துப்பியது. சரி, நம்முடைய கணக்கைப் பாருங்கள். இங்கே ஆசனம் பங்கிட்டது வாக்காளர் தொகையைப் பார்த்தல்ல, சனத்தொகையைப் பார்த்து: 75,000 ஆட்களுக்கு ஒரு ஆசனம், ஆயிரம் சதுர மைலுக்கு ஒரு ஆசனம். வாக்கைப் பறித்த பிறகும், 1959இல் தொகுதிகளை மறுபடி பிரித்தபோது தோட்டத்துத் தலைகளையும் எண்ணினார்கள். ஐந்தில் மூன்று என்ற கஞ்சத்தனமெல்லாம் இல்லை, முழு ஆள்! பிறந்த குழந்தை முதல் படுத்த கிழவி வரை ஒவ்வொரு தலையும் ஒன்று. அந்தத் தலைகளால் மலைநாட்டில் ஆசனங்கள் கூடின. அந்த ஆசனங்களுக்கு வாக்களிக்கிற உரிமை மட்டும் அந்தத் தலைகளுக்கு இல்லை. எஹலியகொடத் தொகுதி பிறந்ததே அந்தப் பிரிப்பில்தான், 1960 மார்ச் தேர்தலுக்கு. எங்கள் ஆட்கள் மேடைக்குக் கொங்கிரீட்டும் ஆனார்கள், மேடையில் ஏறக்கூடாதவர்களும் ஆனார்கள்.

வாக்குப் போனதும் எம்பிமார் வருவது நின்றது. வாக்கில்லாதவனுக்கு எதற்கு ரோட்டு? அவனுக்கு எதற்குப் பள்ளிக்கூடம்? அந்த நியாயத்தை வெளிப்படையாகச் சொல்லவேண்டிய அவசியமும் ஏற்படவில்லை.

அதற்கும் முன்னரே கேகாலைப் பக்கம் உண்டுகொடவில் நேவ்ஸ்மயர் தோட்டத்தை அரசாங்கம் எடுத்து, கிராமத்தவர்க்குப் பங்கிடப் போவதாகச் சொல்லி, இருந்த தொழிலாளரை லயத்தைக் காலி பண்ணு என்றது. பண்ண மறுத்தவர்கள் மேல் அத்துமீறி நுழைந்ததாகக் குற்றவியல் வழக்கு. தான் பிறந்த காம்பராவில் படுத்திருந்தவன் அத்துமீறியவனாம்! 1946இல் தோட்டம் தோட்டமாக வேலைநிறுத்தம் வெடித்தது. அந்த வழக்கும் பிரிவி கவுன்சில் வரை போனது. கிராமத்தானுக்கு நிலம் வேண்டும் என்பதில் எனக்குத் துளி மறுப்பில்லை. அவனுடைய காட்டைப் பிடுங்கிக் கோப்பியும் தேயிலையும் போட்டவன் வெள்ளைக்காரன். அவன் கிளப்பில் உட்கார்ந்து விஸ்கி குடித்துக்கொண்டிருந்தான். அந்தக் கடனை எங்கள் முதுகில் அறவிடலாம் என்று எந்த மேதைக்குத் தோன்றியதோ, அவன் ஜாக்சனுக்குத் தூரத்துச் சொந்தமாகத்தான் இருக்கவேண்டும்.

1964 ஒக்டோபரில் இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவும் சாஸ்திரியும் மேசையில் உட்கார்ந்து 975,000 உயிர்களைப் பங்கு பிரித்தார்கள். 525,000 இந்தியாவுக்கு, 300,000 இலங்கைக்கு, மிச்சம் 150,000 பிறகு பார்ப்போம் என்று மேசையோரமாக ஒதுக்கி வைத்தார்கள். பிறகு பார்க்கப் பத்து வருடம் பிடித்தது. 1974இல் மிச்சத்தையும் ஆளுக்குப் பாதியாக அறுத்தார்கள். மரப்பலகை அறுக்கிறவன்கூட ஒருமுறை அளந்துவிட்டுத்தான் அறுப்பான். இந்தத் தலைகளில் ஒன்றைக்கூட, நீ எங்கே இருக்க விரும்புகிறாய் என்று கேட்டுவிட்டுப் போடவில்லை அந்த ஒப்பந்தம். அது கைச்சாத்தானபோது நிதியமைச்சர் யார்? எங்கள் சிவப்புக் கொடியைப் பிடித்து ருவன்வெல்லவில் வென்ற அதே தோழர் என்.எம். பெரேரா. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டத்தை எதிர்த்து அவர்கள் சபையில் முழங்கியது உண்மை, அதை மறைக்கமாட்டேன். வாக்குள்ள தொழிலாளியையும் வாக்கில்லாத தொழிலாளியையும் மார்க்ஸ் வேறு வேறாகப் பார்க்கவில்லை. அமைச்சுக் கதிரை பார்த்தது.

வாக்கில்லாதவன் வீட்டுக்கு நெருப்பு வைத்தால் எந்தத் தொகுதியும் தோற்காது. 1977இலும் 1981 ஆகஸ்டிலும் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானைப் பக்கத்து லயங்கள் எரிந்தபோது அந்த வசதி நன்றாகப் பயன்பட்டது. தப்பியவர்கள் பலர் மூட்டையோடு வவுனியா, கிளிநொச்சி என்று போனார்கள். அங்கே அவர்களுக்கு என்ன நடந்தது என்பது வேறு கதை. இந்தக் கட்டுரை அதைத் தாங்காது.

பறித்ததைத் திருப்பிக் கொடுத்தார்கள், தவணை முறையில். 1986இல் கொஞ்சம், 1988இல் கொஞ்சம், 2003இல் மிச்சம். ஐம்பது வருடத்துக்கு மேல் வைத்திருந்த பொருளை வட்டியில்லாமல் திருப்பித் தந்ததற்கு நன்றி விழாக்கூட எடுத்தோம். மாலையும் நாங்கள்தான் வாங்கினோம்.

வாக்குக் கையில் வந்ததே, இனி எல்லாம் சரிதானே என்று நினைப்பவர்களுக்காகப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு என்ற இனிப்பை வைத்திருந்தேன். 1987இன் சட்டம் அது. தோட்டத்து ஆட்கள் பிரதேச சபைக்கு வாக்களிக்கலாம், போட்டியிடலாம், வென்று உறுப்பினராகவும் உட்காரலாம். ஆனால் சபைப் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவழிக்க அந்தச் சட்டம் வழி விடவில்லை. தோட்டம் கம்பனிக் காணியாம். வாக்குப் பெட்டி வரும்போது கம்பனிக் காணி என்று யாரும் வாசலில் தடுக்கவில்லை. எங்கள் வாக்கில் வென்ற உறுப்பினர், எங்கள் லயத்து வாசலில் உடைந்த கானைப் பார்த்துத் தலையைச் சொறிந்துகொண்டு, "சட்டம் விடுதில்லையே அண்ணே" என்பார். கானுக்கு இந்தப் பக்கம் கிராமம். அங்கே சபையின் விளக்கு எரியும். அந்தப் பக்கம் தோட்டம். அங்கே இருட்டும் தவளையும். இதைத் திருத்த 2018 ஆகவேண்டியிருந்தது. முப்பத்தொரு வருடம்! செரோக்கிகளைப் பிடித்து வெளியேற்றவே ஜாக்சன் கூட்டத்துக்கு எட்டு வருடம்தான் ஆனது. கெட்ட காரியத்துக்கு எப்போதும் வேகம் அதிகம்.

அமெரிக்காவில் 1840இல் இன்னொரு கலை பிறந்தது. ஜனாதிபதித் தேர்தலில் நின்ற ஹரிசன் என்பவர் வேர்ஜினியாவில் பெரிய மாளிகையில் பிறந்த பணக்காரர். எதிர்க்கட்சிப் பத்திரிகை ஒன்று, அந்தக் கிழவனுக்கு ஒரு மரக்குடிலும் பீப்பாய் நிறைய ஆப்பிள் கள்ளும் கொடுத்தால் போதும், பேசாமல் கிடப்பான் என்று நக்கலடித்தது. அவருடைய ஆட்கள் கெட்டிக்காரர்கள். ஆமாம் ஐயா, எங்கள் ஆள் மரக்குடில்காரன்தான் என்று சக்கரம் பூட்டிய குடிசைகளை ஊர் ஊராக இழுத்துக்கொண்டு போய், கள்ளை ஊற்றி, வென்றார்கள். வேட்பாளர் ஏழையாக வேடம் போடவேண்டும் என்ற விதி அன்றைக்கு எழுதப்பட்டது. இன்றைக்கு அதைக் காண வேர்ஜினியாவுக்குப் போகவேண்டாம். தேர்தல் அறிவித்த பிறகு ஒரு சனிக்கிழமை எங்கள் பக்கத்துக்கு வாருங்கள்.

கறுத்தக் கண்ணாடி பூட்டிய டபுள் கெப் ரோட்டிலேயே நிற்கும். அதற்கு மேல் போனால் சேறு. வெள்ளை உடுப்போடு ஐயா இறங்கி, சப்பாத்தைக் கழற்றி ஒரு பையனிடம் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு நடப்பார். படமெடுக்கிறவன் முன்னாலேயே பின்பக்கமாக ஓடுவான். கடைசி லயத்து வாசலில் இருக்கிற கருங்கல்லில் உட்கார்ந்து சாயத்தண்ணி கேட்பார். சீனி வேண்டாம், கையில் ஒரு துண்டு கருப்பட்டி போதும் என்பார். பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பராவை எட்டிப் பார்த்து, "இதுக்குள்ளயா எட்டுப் பேர்?" என்று கண் கலங்குவார். இதே காம்பராவை ஐந்து வருடத்துக்கு முன்னும் பார்த்துக் கண் கலங்கியவர்தான். போன தடவை அங்கிருந்த ஆத்தா ஒருத்தி வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னாள்:

"ஐயா, அந்தக் கல்லு உங்களுக்குப் பழக்கப்பட்ட கல்லுதாங்க. ஒங்களுக்கு முந்தி வந்தவரும் அதுலதான் ஒக்காந்தாரு. எல்லாரும் ஒக்காந்து ஒக்காந்து வழுவழுன்னு ஆயிருச்சு. எங்க வாசலுக்கு நடந்த ஒரே அபிவிருத்தி அதாங்க."

ஐயா சிரித்தார். சிரிக்கத் தெரியாதவன் எம்பி ஆகமுடியாது. மறுநாள் தகரம் வந்தது. கூரைக்கு இருபது வேண்டிய வீட்டுக்கு நாலு. நாலு தகரத்துக்கு நாலு வாக்கு, வீட்டில் உள்ளதே நாலு அடையாள அட்டை. கணக்கில் பிசகு கிடையாது.

தகரம் கிடைக்காதவர்களுக்குச் சம்பள அறிவிப்பு கிடைக்கும். 2024 மே தினத்தன்று ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க கொட்டகலை மேடையில் நாள் சம்பளம் 1,700 ரூபாய் என்று அறிவித்தார். வெடி கொளுத்தினோம். கம்பனிகள் நீதிமன்றத்துக்குப் போயின. செப்டம்பரில் ஜனாதிபதித் தேர்தலுக்குச் சில நாட்களே இருக்கையில் 1,350 என்று வந்து நின்றது. மேடையில் ஏறும்போது இருந்த 350 ரூபாய், இறங்கும்போது யார் சட்டைப் பைக்குள் விழுந்ததோ. அடுத்த அரசாங்கம் 2025 நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தில் 1,550 என்றும், வேலைக்கு வந்த நாளுக்கு அரசாங்கம் தன் பங்காக 200 என்றும் சொன்னது. கூட்டிப் பார்த்தால் 1,750. ஆனால் அந்த 200, தனியார் கம்பனிக்குத் தொழிலாளி செய்யும் வேலைக்கு, வரி கட்டும் மக்கள் போடும் மொய். அதில் தொழிலாளியும் கடையில் சீனி வாங்கும்போது கட்டும் வரி சேர்த்தி. தன் சம்பளத்தில் ஒரு பகுதியைத் தானே கொடுத்துக்கொள்ளும் உழைப்பாளியை உலகத்தில் வேறெங்கு காணமுடியும்?

ஒன்று நடந்தது, அதையும் சொல்லவேண்டும். 2024 நவம்பரில் இரத்தினபுரி மாவட்டத்திலிருந்தே எங்கள் ஆள் ஒருவர், சுந்தரலிங்கம் பிரதீப், வென்று பாராளுமன்றம் போய்ப் பிரதி அமைச்சரும் ஆனார். சிங்களக் கிராமத்தவரும் சேர்ந்து வாக்களிக்காமல் இந்த மாவட்டத்தில் அது நடக்காது. அந்த வாக்கை நான் குறைத்துப் பேசமாட்டேன். எழுபத்தைந்து வருடத்துக் கசப்பில் அது ஒரு மடக்கு நல்ல தண்ணீர். ஆனால் அங்கதக்காரனுக்கு நல்ல தண்ணீர் ஆகாது. அமைச்சு ஒருவருக்குக் கிடைத்தது, விலாசம் இன்னும் எத்தனையோ பேருக்குக் கிடைக்கவில்லை. கடிதம் வந்தால் தோட்டத்து ஒபிஸுக்குத்தான் போகிறது. யார் பிரித்தார்கள், எப்போது கொடுத்தார்கள் என்று கேட்கமுடியாது. வேலைக்கு நேர்முகப் பரீட்சைக் கடிதம் திகதி முடிந்த பிறகு கையில் கிடைத்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். வாக்காளர் அட்டை மட்டும் ஒரு நாளும் பிந்தியதில்லை.

ஆகவே, அடுத்த தேர்தலுக்கு எங்கள் லயத்துக்கு வரவிருக்கும் எல்லாக் கட்சி ஐயாமாருக்கும் முன்கூட்டியே சில நிபந்தனைகள். சப்பாத்தோடு வாருங்கள், சேறு உங்களுக்கும் பழகட்டும். கல்லில் உட்காருவதானால் முதலில் கானைக் கட்டுங்கள். 33ஆம் பிரிவு திருந்தி வருடங்களாகிவிட்டது, அந்தச் சாக்கு இனிச் செல்லாது. தகரம் கொண்டுவந்தால் இருபதாகக் கொண்டுவாருங்கள். படமெடுக்கிறவனை ரோட்டிலேயே நிறுத்துங்கள். கூடவே உங்கள் தகப்பனாரைப் பெற்ற பாட்டனாருடைய பிறப்புப் பத்திரத்தில் அத்தாட்சிப்படுத்திய பிரதி ஒன்று, பூட்டனாருடையதில் ஒன்று. எங்கள் ஆத்தா சரிபார்ப்பாள். அவளுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது; அதனால் கொஞ்ச காலம் எடுக்கும். ஐம்பது வருடம் ஆனாலும் ஐயாமார் பொறுத்துக்கொள்ளவேண்டும்.